அம்மாவின் போனைக் கொடுத்து வாங்கிய நீல டப்

தம்பி,

இதைப் படித்து முடிக்கும்வரை எனக்குப் போன் செய்யாதே. பாதியில் கூப்பிட்டால் எடுக்க மாட்டேன். எடுத்தால் வழக்கம்போல ஏதாவது சொல்லிச் சமாளித்துவிடுவேன். அந்தச் சமாளிப்பால்தான் இந்தக் கடிதமே எழுத வேண்டியதாயிற்று. தை மாதம் விழுப்புரத்தில் உனக்குக் கல்யாணம். மண்டபம் பேசியாகிவிட்டது, பத்திரிகை அச்சாகி வந்துவிட்டது, பெண் வீட்டார் இரண்டு நாளைக்கு ஒருமுறை ஏதாவது விசாரிக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் ஒழுங்காகப் பதில் சொல்லிவருகிறேன். நீ கேட்ட ஒன்றுக்கு மட்டும் பொய் சொன்னேன். ஐப்பசியில் நிச்சயதார்த்தம் முடித்துப் புனேவுக்குக் கிளம்பியபோது, திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் தோளில் பையோடு நின்று, "அம்மா எனக்குன்னு பேசி வெச்சாங்களே, அந்த போனு பத்திரமா இருக்குதாப்பா?" என்று கேட்டாய். "பீரோவுல இருக்குதுடா, கல்யாணத்தன்னிக்குக் கேட்டுக்கலாம்" என்றேன். பீரோவில் போன் இல்லை. நீ கேட்டபோதே அது கைவிட்டுப் போய் இரண்டு மாதம் ஆகியிருந்தது.

எப்படிப் போனது என்று சொல்வதற்கு முன் உன் அப்பனைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். உனக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் என் வாயால் சொன்னால்தான் சரி. முப்பது வருஷம் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டரில் ரீடிங் எடுத்தவன். கரண்டு, மிஷின் என்றால் எனக்குத் தெரியாதது இல்லை என்ற நினைப்பு எனக்கு உண்டு. நம் தெருவில் யார் வீட்டில் போன் மக்கர் செய்தாலும் என்னிடம்தான் வருவார்கள். நானும் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, கேட்டதற்கும் கேட்காததற்கும் சேர்த்து உபதேசம் செய்வேன். தெரியாத லிங்கைத் தொடாதே, பரிசு விழுந்தது என்று சொன்னால் நம்பாதே, வருகிற நம்பரை எவனுக்கும் சொல்லாதே. இதெல்லாம் சரியான புத்திதான். ஆனால் உன் அம்மாவுக்கு மட்டும் இவ்வளவு விளக்க எனக்குப் பொறுமை இல்லை. அவள் படித்தது ஐந்தாவது. அதனால் எல்லாவற்றையும் சுருக்கி ஒரே விதியாகச் சொல்லிக்கொடுத்தேன்: "அதுல எது கேட்டாலும் வேணாம்னு அமுத்திடு." எந்த இடத்தில் 'வேண்டாம்' வரும் என்று விரலைப் பிடித்துக் காட்டினேன். அவளும் நான் சொன்னால் சொன்னதுதான் என்று, கடைசிவரை அப்படியே செய்தாள்.

அந்த போனை வாங்கியது கூட்டேரிப்பட்டில். மயிலம் போய்த் திரும்பும் வழியில் ஜங்ஷனில் இறங்கி, அங்கே இருந்த செல்போன் கடையில் வாங்கினோம். "மெயில் ஐடி வேணும் மாமா, இல்லாட்டி போனு ஓடாது" என்றார் கடைக்காரர். "நீயே போட்டுக் குடுப்பா" என்றேன். அவரே ஒரு கணக்கைத் தொடங்கி, அம்மாவின் நம்பரை அதோடு சேர்த்து, முகவரியை அட்டைப்பெட்டியின் உள்மூடியில் பேனாவால் எழுதிக்கொடுத்தார். பாஸ்வேர்டு என்ன என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வீட்டுக்குப் பூட்டு வாங்கினால் சாவியை எண்ணி வாங்குகிறவன் நான். அன்று சாவியைக் கடையிலேயே விட்டுவிட்டு, டெம்பர் கிளாஸ் இலவசமாக ஒட்டித் தரவில்லை என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தேன்.

சர்க்கரை கண்ணுக்கு ஏறிய பிறகு அம்மாவுக்கு எழுத்து சரியாகத் தெரியவில்லை. அப்போதுதான் போனில் இருந்த ரெக்கார்டரை அவளாகவே பிடித்துக்கொண்டாள். அதில் அவளுக்கு இருந்த பழக்கம் எனக்குக்கூட இல்லை. "கேப்பை அரைக்கணும், மல்லாட்டை வறுத்து டப்பாவுல போடணும், டாக்டராண்ட கால் எரிச்சலச் சொல்லணும்" என்று அதனிடம் சொல்லிவைப்பாள். மறுநாள் காலையில் அவள் குரலையே அவள் போட்டுக் கேட்டுக்கொண்டு வேலை செய்வாள். "தோ, உங்க மேனேஜரு பேசறாங்க" என்று கிண்டல் செய்வேன். வீடியோ எடுக்கப் போனால் கையால் முகத்தை மறைத்துக்கொண்டு உள்ளே போய்விடுவாள். உனக்குக் குரல் பதிவு அனுப்பவும் அவளுக்குத் தெரியாது, நேராகக் கூப்பிட்டுப் பேசிவிடுவாள். அதனால் அவள் குரல் இருந்த ஒரே இடம் அந்த ரெக்கார்டர்தான். சிறுநீரகமும் கெட்டுப்போய்ப் பெரியாஸ்பத்திரிக்கு நடையாக நடந்த காலத்தில், ஒரு நாள் மத்தியானம் உனக்கென்று தனியாக ஒன்று பேசிவைத்தாள். "அவன் கல்யாணத்தன்னிக்குப் போட்டுக் காட்டுங்க. நடுவுல நீங்க கேக்காதீங்க" என்றாள். உன்னிடமும் போனில் சொல்லியிருக்கிறாள். நான் கேட்கவில்லை, தம்பி. அந்த ஒரு வாக்கை மட்டும் ஒழுங்காகக் காப்பாற்றினேன். காப்பாற்றாமல் இருந்திருக்கலாமே என்று இப்போது தினமும் நினைக்கிறேன்.

போன வருஷம் ஆவணியில் அவள் போனாள். காரியம் எல்லாம் முடிந்து நீ கிளம்பிய பிறகு, போனை அணைத்து அவளுடைய புடவைகளுக்கு நடுவே வைத்தேன். ரீசார்ஜ் முடியும் நாள் வந்தபோது, இனிமேல் அவளை யார் கூப்பிடப்போகிறார்கள் என்று விட்டுவிட்டேன். யார் கூப்பிட்டார்கள் தெரியுமா? நான்தான் கூப்பிட்டேன். வெளியில் போனால் "எங்க கீறீங்க, சாப்பாடு ஆறுது" என்று கேட்கிறவள் இல்லையே என்று, அந்த நம்பரை அழுத்தி, ஸ்விட்ச் ஆஃப் என்று சொல்வதைக் கேட்டுவிட்டு வைத்துவிடுவேன். சில மாதம் கழித்து ஒரு நாள் மணி அடித்தது. ஒரு பெண்பிள்ளை "அலோ, யாருங்க?" என்றாள். சட்டென்று வைத்துவிட்டேன். உபயோகிக்காமல் விட்ட நம்பரை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள் என்பது தெருவுக்கே உபதேசம் செய்த எனக்கு அன்றுதான் உறைத்தது.

இந்த வருஷம் தெவசத்துக்கு முன்னால் வீட்டுக்கு வெள்ளையடிக்க பீரோவை ஒழித்தேன். அம்மாவின் போன் பாட்டரி உப்பி, முதுகு வெடித்துக் கிடந்தது. சார்ஜ் போட்டால் உயிர் வரவில்லை. நல்லவேளை தீப்பிடிக்காமல் விட்டது. உப்பிய போனைச் சார்ஜில் போடக்கூடாது என்பதுகூட எனக்குத் தெரியவில்லை. அந்த நேரம் பார்த்துத் தெருவில் ஸ்பீக்கர் கட்டிய வண்டி வந்தது. "பழைய செல்போன், ஒடஞ்ச செல்போன், ஓடாத செல்போன் எடுத்தாருங்க, டப்பு, கொடம், அன்னக்கூடை வாங்கிக்கினு போங்க" என்று பதிவுசெய்த குரல் அலறியது. நீ எப்போதோ சொன்னது எனக்கு நினைவுக்கு வந்தது: "போன் போனாலும் கவல இல்லப்பா, எல்லாம் மேல கிளவுடுல சேவ் ஆயிக்கினுதான் இருக்கும்." மேலே எல்லாம் இருக்கும்போது வெடித்த போனை எதற்கு வைத்திருக்க வேண்டும் என்று தோன்றியது. வெள்ளையடிக்கிற ஆள் சுண்ணாம்பு கரைக்க டப் கேட்டுக்கொண்டிருந்தார். கொடுத்தேன். நீல நிறத்தில் ஒரு டப் வாங்கிக்கொண்டு உள்ளே வந்தேன். வண்டி தெருமுனையைத் தாண்டுவதற்குள் அதில் தண்ணீர் பிடித்தாயிற்று.

நீ பஸ் ஸ்டாண்டில் கேட்ட பிறகுதான் தேடக் கிளம்பினேன். அந்த வண்டிக்காரரை இரண்டு வாரம் காத்திருந்து பிடித்தேன். "அன்னன்னிக்கு மூட்டை கட்டி லாரில ஏத்திடுவோம் பெரியவரே, இனிமே எங்க தேடறது" என்றார். சரி, மேலே இருப்பதையாவது இறக்கலாம் என்று பரணில் இருந்த அட்டைப்பெட்டியை எடுத்துக்கொண்டு கூட்டேரிப்பட்டு போனேன். செல்போன் கடை இருந்த இடத்தில் இப்போது டிபன் கடை. கடைக்காரர் விழுப்புரத்தில் வேறு கடை போட்டிருப்பதாகச் சொன்னார்கள். அங்கேயும் போனேன். மூடியில் இருந்த எழுத்தைப் பார்த்ததும், "நம்ம கையெழுத்துதான் மாமா" என்று சிரித்தார். பாஸ்வேர்டு கேட்டேன். "எல்லாருக்கும் ஒண்ணேதான் போட்டுக் குடுப்பேன், அவங்களுக்கு எங்க ஞாபகம் இருக்கப் போவுது" என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார். எனக்குச் சந்தோஷப்படுவதா பயப்படுவதா என்று தெரியவில்லை. அந்தச் சுற்றுவட்டாரத்தில் எத்தனை வீட்டுக்கு ஒரே சாவி என்று நினைத்துப் பார். சீட்டில் இருந்ததை என் போனில் போட்டேன், ஏற்றுக்கொண்டது. ஆனால் புதுப் போனில் இருந்து நுழைவதால், பழைய நம்பருக்கு ஒரு கோடு நம்பர் அனுப்புவோம், அதைச் சொல் என்றது. அந்த நம்பர்தான் இப்போது யாரிடமோ இருக்கிறதே.

அன்றைக்கே கூப்பிட்டேன். "அம்மா, உங்க நம்பருக்கு ஒரு கோடு வரும், அத மட்டும் சொல்லுங்க" என்றேன். என் காதுக்கே அது திருடன் பேச்சாக இருந்தது. "பெரிய மனுசனாட்டம் பேசிக்கினு இன்னா வேலையா பண்ற? இனிமே கூப்ட, போலீசுக்குப் போவேன்" என்று வைத்துவிட்டாள். நான் தெருவுக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தபடிதான் அவள் நடந்துகொண்டாள். அவள்மேல் கோபப்பட எனக்கு என்ன யோக்கியதை? ஆனாலும் கோபம் வந்தது. பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, அறுபத்தைந்து வயசில் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு அழுதேன்.

உன் சித்தியின் வாய் அன்று எனக்கு உபகாரம் செய்தது. அக்கா ஞாபகத்தில் அவளும் ஒரு நாள் அந்த நம்பரைக் கூப்பிட்டு, எடுத்த பெண்ணோடு ஊர்க்கதை பேசி, அவள் வளவனூர் கடைத்தெருவில் ஜாக்கெட் தைக்கிறவள் என்பதுவரை தெரிந்துவைத்திருந்தாள். அம்மாவின் இறப்புச் சான்றிதழ், ஒரு போட்டோ, நம் ரேஷன் கார்டு, அட்டைப்பெட்டி எல்லாவற்றையும் மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு மறுநாளே வளவனூர் போனேன். தையல் மிஷினை நிறுத்தாமல் நான் சொன்னதைக் கேட்டாள். போட்டோவைக் கொடுத்ததும்தான் மிஷின் நின்றது. "இந்தம்மாவா எறந்துட்டாங்க? வாரத்துக்கு ஒருத்தரு கூப்ட்டு, கண்ணு எப்பிடி இருக்குது, கால் எரிச்சல் நின்னுச்சான்னு கேக்கறாங்க. ராங் நம்பர்னு சொல்லிச் சொல்லி எனக்கே பேஜாரா பூட்ச்சி. பாவம், நானும் ரெண்டு பேராண்ட, நல்லாகீறாங்கன்னு சொல்லி வெச்சிட்டேன்" என்றாள்.

அவள் அப்போதும் உடனே இணங்கவில்லை. "கோடு நான் சொல்ல மாட்டேங்க. நீங்க என் எதுர்ல அமுத்துங்க. இன்னா வருதுன்னு நான் படிச்சிப் பாக்கறேன்" என்றாள். அமுக்கினேன். வந்த மெசேஜை எழுத்துக்கூட்டிப் படித்தாள். எந்தக் கம்பெனியில் இருந்து வந்தது, அதில் தன் பேங்க் பேர் இருக்கிறதா, தன் மெயில் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தாள். என் போன் திரையில் இருந்த முகவரியை அட்டைப்பெட்டி மூடியோடு ஒப்பிட்டாள். பிறகு, "வேலை முடிஞ்சதும் என் நம்பர அந்தக் கணக்குலேர்ந்து எடுத்துடணும், எடுத்தத எனக்குக் காட்டணும்" என்று சொல்லிவிட்டுத்தான் கோடைச் சொன்னாள். எது கேட்டாலும் வேண்டாம் என்று சொல்லியிருந்தால் அவளுக்கு வேலை சுலபம். எது கேட்டாலும் சரி என்கிறவளும் இல்லை. படித்துப் பார்த்தாள், ஆளைப் பார்த்தாள், தன்னையும் காத்துக்கொண்டு எனக்கும் உதவினாள். இதை நான் உன் அம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். அதற்கு அரை மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் போதும்.

கணக்கு திறந்தது. போட்டோ ஒன்றுகூட இல்லை. ரெக்கார்டிங் ஒன்றுகூட இல்லை. 'பேக்கப் இதுவரை செய்யப்படவில்லை' என்று இருந்தது. விழுப்புரம் கடைக்காரருக்குப் போன் போட்டுக் கேட்டேன். "அது அப்பப்போ கேக்கும் மாமா, ஆன் பண்ணட்டுமான்னு. அவங்க வேணாம்னு குடுத்திருப்பாங்க" என்றார். ஆமாம். கேட்ட ஒவ்வொரு தடவையும், நான் விரலைப் பிடித்துக் காட்டிய இடத்தில் கரெக்டாக அழுத்தியிருக்கிறாள். ரெக்கார்டரில் இருப்பது பேக்கப் போட்டாலும் எல்லாப் போனிலும் தானாக மேலே போகாது, தனியாக அனுப்ப வேண்டும் என்றும் சொன்னார். அந்த ஆறுதலை நான் காதில் வாங்கவில்லை. அந்தத் தையல்காரப் பெண் ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

மிஞ்சியது போன் நம்பர்கள் மட்டும். அவை தானாக மேலே போயிருந்தன. வாயால் சொல்லி ஏற்றிய பெயர்கள், அதனால் அவள் பேசுவது போலவே இருந்தன. 'தம்பி', 'தம்பி ஆஸ்டல்', 'தம்பி ரூமு', 'தம்பி புதுசு', 'தம்பி பூனா'. நீ நம்பர் மாற்றியபோதெல்லாம் புதிதாகப் போட்டிருக்கிறாள், பழையது ஒன்றையும் அழிக்கவில்லை. மருந்துக்கடைக்கு 'கண்ணு மாத்திர'. என் நம்பருக்கு 'வூடு' என்று போட்டிருந்தாள். வளவனூரில் இருந்து திண்டிவனம் வரும்வரை அந்த ஒரு வார்த்தையைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டு வந்தேன். சொன்ன மாதிரி அந்தப் பெண்ணின் நம்பரை எடுத்துவிட்டு உன் நம்பரைச் சேர்த்திருக்கிறேன். பாஸ்வேர்டையும் மாற்றியாகிவிட்டது. பெட்டி மூடியின் உள்ளே எழுதியிருக்கிறேன், வந்ததும் வாங்கிக்கொள்.

உன்மேல் எனக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு, அதையும் மறைக்காமல் சொல்கிறேன். மேலே சேவ் ஆகும் என்று சொன்னாயே, ஒரு தடவை எங்கள் போனை வாங்கித் திறந்து, ஆகிறதா என்று பார்த்திருக்கலாம். லீவில் வரும்போதெல்லாம் உன் போனைத்தானே பார்த்துக்கொண்டிருந்தாய். இதை உன்னைக் குத்திக்காட்ட எழுதவில்லை. நாளைக்கு உனக்கும் ஒருத்தி வருகிறாள், பிள்ளைகள் வருவார்கள், அவளுக்கும் அம்மா அப்பா இருக்கிறார்கள். எது போனால் திரும்ப வராதோ, அதை இரண்டு இடத்தில் வை. வைத்தால் போதாது, வேறொரு போனில் திறந்து ஓடுகிறதா என்று பார். கணக்கை நீயே தொடங்கு, அதில் இருக்கும் நம்பர் இப்போது உன் கையில் இருப்பதுதானா என்று பார்த்துக்கொள். நீ விட்ட பழைய நம்பர்கள் எத்தனை பேரிடம் போயிருக்கின்றனவோ, பேங்கிலும் மற்றதிலும் அவற்றை மாற்றினாயா? பழைய போனைக் கைமாற்றும் முன் உள்ளே இருப்பதை எடுத்துக்கொண்டு, கணக்கை நீக்கி, துடைத்துக் கொடு. அம்மாவின் போனில் இருந்தது எவன் கையில் கிடைத்ததோ என்ற பயம் எனக்கு இன்னும் போகவில்லை. உன் பூட்டின் சாவி உன் பெண்டாட்டிக்குத் தெரிந்திருக்கட்டும். நான் செத்தால் என் போனில் இருப்பது உனக்குக் கிடைக்க வேண்டும் என்று என் கணக்கில் பதிந்துவைத்திருக்கிறேன். அதில் என்ன இருக்கிறது என்று கேட்காதே. நான் பேசியதுதான் கொஞ்சம் இருக்கிறது.

அந்த நீல டப் குளியலறையில்தான் இருக்கிறது. தூக்கிப் போட மனசு வரவில்லை. தினமும் காலையில் அதிலிருந்துதான் மொண்டு குளிக்கிறேன். நீ வந்து பார்த்து, புதுசா என்று கேட்டுவிடக்கூடாதே என்றுதான் முதலிலேயே எழுதிவிட்டேன்.

கடைசியாக ஒன்று. நான் எதையும் கேட்கவில்லை என்று மேலே எழுதியது முழு உண்மை இல்லை. அவள் உனக்காகப் பேசிய அன்று நான் கொல்லைப்பக்கம் கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். உள்ளே அவள் பேச ஆரம்பித்தது ஜன்னல் வழியாகக் கேட்டது. "தம்பி, அம்மா பேசறேன். சாப்ட்டியா?" என்றாள். அப்புறம் பேசவில்லை. என்ன ஆயிற்று என்று எட்டிப் பார்த்தேன். போனை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள். ரெக்கார்டரிடம் எத்தனையோ பேசிப் பழகியவள்தான். ஆனால் உன் பேரைச் சொன்னதும் உன்னோடு பேசுவதாகவே நினைத்துவிட்டாள். நீ பதில் சொல்வதற்காகக் காத்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "சரி" என்று தலையாட்டிவிட்டு மேலே பேசத் தொடங்கினாள். என்னைப் பார்த்ததும், "நீங்க கொஞ்சம் அப்பால போங்க" என்றாள். ஈரத்துணியைத் தோளில் போட்டுக்கொண்டு தெருவுக்குப் போய் நின்றேன். அதற்கு மேல் அவள் என்ன சொன்னாள் என்று இந்த உலகத்தில் யாருக்கும் தெரியாது. மிஞ்சியது அந்த ஒரு கேள்வியும், நீ பதில் சொல்வதற்கு அவள் விட்டுவைத்த அந்த நேரமும்தான். கல்யாணத்தன்று தாலி கட்டி முடித்துப் பந்தியில் உட்காரும்போது நான் உன் எதிரில் இருப்பேன். முதல் வாய் சாப்பிட்டதும், யாருக்கும் கேட்காவிட்டாலும் பரவாயில்லை, அம்மாவுக்குப் பதில் சொல்லிவிடு.

அப்பா